தெற்குப் பார்க்காத லாம்பு

பட்டறைச் சுவரில் ஒரு மர அச்சு தொங்குகிறது. ஒரு முழ நீளம் வரும். ஒரு பக்கம் நேர், மற்றப் பக்கம் மெதுவான வளைவு. வளைந்த விளிம்பில் ஒரு விரல் படுக்கிற அளவுக்கு வாய்க்கால் வெட்டியிருக்கிறது. அதை யாரும் பாவிப்பதில்லை. யாரும் எறிவதுமில்லை.

டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு முதல் பழைய வேலையாட்களைக் கூப்பிட்டுக் கோப்பி குடிக்கக் கொடுப்பது அந்தப் பட்டறையின் வழக்கம். இந்த முறை நான் போனபோது, புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்பிள்ளைகள் அந்த அச்சைக் காட்டி, "ஃப்ராவ் நவா, இது என்னத்துக்கு?" என்று கேட்டார்கள். இப்போது அங்கே குழாய் வளைக்க மெஷின் வந்துவிட்டது. நல்ல மெஷின். என் தோள் நோவை நினைத்தால் அது இருபது வருடம் முந்தி வந்திருக்கலாம். பிள்ளைகளுக்கு ஜெர்மனில் நாலு வசனம் சொன்னேன், சிரித்தார்கள். ஆனால் அது நாலு வசனத்தில் முடிகிற விஷயம் இல்லை. ஆறுதலாகச் சொல்வதென்றால் எனக்குத் தமிழ் வேண்டும். எங்கள் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கோ அக்கா என்று கனகாலமாகக் கேட்கிறார்கள். ஆகவே இதையே எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மெதுவாகத்தான் எழுதுவேன், நீங்களும் மெதுவாக வாசியுங்கள். ஜெர்மன்காரர் பேசியதையும் என் வாயில் வருகிற தமிழில்தான் எழுதுவேன்.

நான் ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லாம்புப் பட்டறையில் குழாய் வளைத்தவள். மேசை லாம்பு, சுவர் லாம்பு, தேவாலயத்துத் தொங்கு லாம்பு என்று எல்லாம் செய்தோம். லாம்புக்கு எலும்பு குழாய்தான். எலும்பு சரியில்லை என்றால் மேலே எந்தக் கண்ணாடியைப் பூட்டினாலும் அது கோணல்தான். நான் வளைத்த குழாய்களுக்குக் கீழே இன்றைக்கும் எத்தனையோ வீடுகளில் இருந்து சாப்பிடுகிறார்கள். அதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்லப் போகிறார்கள்.

வேலை பழகிய கதை பெரிதில்லை. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் மாதிரி ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கி, ஹைம் என்கிற அகதி விடுதியில் இருந்து, வேலை செய்ய அனுமதி கேட்டு அந்த்ராக் மேல் அந்த்ராக்காக விண்ணப்பம் போட்டு, கடைசியில் துப்புரவு வேலைதான் கிடைத்தது. பின்னேரங்களில் கூட்டித் துடைக்கிற இடங்களில் ஒன்று அந்தப் பட்டறை. அங்கே மூலையில் ஒரு பெட்டி நிறைய மணல் இருந்தது. குழாயை வெறுமனே வளைத்தால் வளைகிற இடத்தில் நசிந்துவிடும். ஆகவே உள்ளே மணலை நிரப்பி, தட்டித் தட்டி இறுக்கி, இரண்டு வாயையும் மரக்கட்டையால் அடைத்து, அதற்குப் பிறகுதான் அச்சில் வைத்து வளைப்பார்கள். அந்த மணலுக்குள் பித்தளைத் தூள், சிகரெட் சாம்பல், ரொட்டித் துகள் என்று எல்லாம் கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. அரிதட்டு ஒன்று கொண்டுபோய் அரித்தேன். ஈரமாயும் இருந்தது. ஈரமணல் குழாய்க்குள் கட்டிபட்டு இடையில் வெற்றிடம் விடும், நெருப்பில் காட்டினால் ஆவி கிளம்பிக் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு பாயும். அதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு, ஈரமாய் இருக்கிறதே என்று இடியப்ப மா வறுக்கிற மாதிரி ஒரு தகரத்தில் போட்டு வறுத்துவிட்டு வந்தேன்.

அடுத்தநாள் மைஸ்டர் என்னை வரச் சொன்னார். மைஸ்டர் என்றால் பட்டறையின் தலைமைத் தொழிலாளி, முதலாளியும் அவரேதான். "மணலை என்ன செய்தனீங்கள்?" என்றார். வேலை போய்விட்டது என்று நினைத்தேன். "வறுத்தனான்" என்றேன். என் கையைப் பார்த்தார். பிறகு ஒரு குழாயை எடுத்துத் தந்தார். பழகியது அவ்வளவுதான். மிச்சம் முழுக்கக் குழாயும் நானும்.

மைஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நெடிய மனிதர், பேசுவது அந்தப் பக்கத்து ஷ்வேபிஷ் ஜெர்மன், அதிலும் பாதியை விழுங்கிவிடுவார். சத்தம் போட்டதே கிடையாது. யாருக்காவது கெட்ட சேதி சொல்ல வேண்டுமென்றால், முதலில் சின்னத் தும்புத்தடி ஒன்றை எடுத்துத் தன் மேசையைக் கூட்டுவார். மூலை முடுக்கெல்லாம் கூட்டி, தூளைக் கையில் ஏந்தி வாளியில் போட்டுவிட்டுத்தான் வாய் திறப்பார். அவர் தும்புத்தடியைத் தொட்டால் பட்டறையில் ரேடியோவைக் குறைத்துவிடுவோம்.

வேலை பார்க்கிற விதம் இது. நான் வளைத்த குழாயை மாதிரிக் குழாயோடு சேர்த்துப் பிடித்து யன்னலுக்கு நேரே தூக்குவார். இரண்டுக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தால் திருப்பித் தருவார். தெரியாவிட்டால் தட்டில் வைப்பார். ஒரு சொல் வராது. ஜெர்மன்காரர் ஒரு பொருள் சரியாய் அமைந்தால் "பாஸ்ட்" என்பார்கள், பொருந்துகிறது என்று அர்த்தம். கடையில் சப்பாத்துப் போட்டுப் பார்க்கிறவர்கூடச் சொல்கிற சொல்தான். அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்கவேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை இருந்தது. வயர் பூட்டுகிற ஹெல்காவிடம் கேட்டேன், உங்களுக்குச் சொல்லியிருக்கிறாரா என்று.

"ஒருக்கா சொன்னவர்" என்றாள். "அண்டைக்கு அவருக்குக் காய்ச்சல்."

அப்படியே வருடங்கள் போயின. பிறகுதான் பிரெஞ்சுக்காரரின் லாம்பு வந்தது.

அந்த மனிதரை நாங்கள் மிசியே என்று சொல்வோம். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் பாரிசில் கதிரையும் லாம்பும் வடிவமைத்தவர். மெல்லிய குழாய், மடித்த தகடு, பூவும் இலையும் ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் கொஞ்சப் பேர் வாங்கினார்கள், பிறகு மறந்துபோனார்கள், பிறகு திரும்ப ஞாபகம் வந்து இப்போது தேடுகிறார்கள். ஒரு பெரிய லாம்புக்கடை அவருடைய சுவர் லாம்பு ஒன்றைத் திரும்பச் செய்து விற்க விரும்பியது. செய்வதற்கு எங்கள் பட்டறையைக் கேட்டார்கள். ஒரு நிபந்தனை. மிசியே உயிரோடு இருந்தார். அவர் நேரில் வந்து பார்த்துக் கையெழுத்து வைத்தால்தான் அது அவர் பெயரில் போகும்.

மைஸ்டர் மற்ற வேலைகளை எல்லாம் விட்டுவிட்டு இதைப் பிடித்தார். விட்ட வேலைகள் வேறு பட்டறைக்குப் போய்விட்டன. இது சரிவராவிட்டால் பட்டறையைப் பூட்டவேண்டியதுதான் என்று அவர் சொல்லவில்லை, எங்களுக்குத் தெரியும்.

வரைபடம் தொலைந்துவிட்டது. பழைய சஞ்சிகையில் வந்த படம் ஒன்றுதான் இருந்தது, அதுவும் பக்கவாட்டில் எடுத்தது. மைஸ்டர் அந்தப் படத்தை மேசையில் வைத்து, "இதில ஒரு அசல் எங்கையாவது கிடைச்சால் அளந்து செய்யலாம்" என்றார்.

நான் எட்டிப் பார்த்தேன். "இது எங்கட வீட்டில கிடக்கு" என்றேன்.

"எங்க?"

"சாமித்தட்டுக்கு மேலே."

ஹெல்கா சிரித்தாள். மைஸ்டர் சிரிக்கவில்லை. சனிக்கிழமை வீட்டுக்கு வந்தார்.

அந்த லாம்பு எங்களிடம் வந்த கதை இது. இங்கே வீட்டில் வேண்டாத பெரிய சாமான்களைத் தெருவில் வைக்கிற நாளுக்கு ஷ்பெர்முல் என்று பெயர். வந்த புதிதில் எங்கள் ஆட்களின் வீட்டில் மேசை, கட்டில், கதிரை எல்லாம் அந்த நாளில் பொறுக்கியவைதான். என் கணவரை இவர் என்றுதான் எழுதுவேன், அப்படித்தான் எனக்கு வரும். இவர் ஒருநாள் ஏதோ குழாயும் தகடுமாய் ஒரு பழைய துணியில் சுற்றிக்கொண்டு வந்து கட்டிலுக்குக் கீழே தள்ளினார். நான் விரித்துப் பார்க்கவும் இல்லை, வயிற்றில் இரண்டாவது பிள்ளை. பிள்ளை பிறந்து நான் ஆஸ்பத்திரியில் இருந்து வரும்போது, எங்கள் ஒற்றை அறையில் சாமிப்படங்களுக்கு மேலே அது எரிந்துகொண்டிருந்தது. எங்களுக்கு மின் இணைப்பு இருந்தது வடக்குச் சுவரில். அதில் பூட்டினால் எந்த லாம்பும் தெற்கைப் பார்த்து எரியும். தெற்குப் பார்த்து விளக்கு வைப்பது எங்கள் வீட்டில் கிடையாது. ஆனால் இந்த லாம்பின் குழாய் மெதுவாக ஒரு பக்கம் வளைந்து, தலை கிழக்கே திரும்பியிருந்தது. சாமிக்கென்றே செய்தது மாதிரி. பிள்ளையார் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறார் என்று கும்பிட்டேன். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

மைஸ்டர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சாம்பிராணிப் புகை பிடித்துக் கறுத்திருந்த தகட்டைக் கைக்குட்டையால் துடைத்து, உட்பக்கத்தில் செய்தவரின் முத்திரையைக் கண்டார். பிறகு அந்த வளைவை விரலால் தடவினார். நான் வைத்த வடையைத் தின்றுகொண்டே தடவினார். "படத்தில இது தெரியேல்லை" என்றார். "பக்கத்தில இருந்து பாத்தால் நேராய்த்தான் தெரியும். இதுதான் இந்த லாம்பின்ர உயிர்."

இவர் அன்றைக்கு ஓட்டல் சமையலறையில் வேலை. வீட்டில் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தரவேணும் என்று சொல்லி லாம்பைக் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமையே வந்துவிட்டது.

அந்த நாட்களுக்குள் பட்டறையில் அதை ஒவ்வொன்றாய்க் கழற்றி, வளைவுக்குத் தகட்டில் ஒரு மாதிரி வெட்டி வைத்துக்கொண்டார்கள். குழாய்க்குள் பச்சை பிடித்திருந்தது. கொஞ்சம் வெள்ளைத் துகளும் கொட்டியது. அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர் குழாய்க்குள் சுண்ணாம்போ என்னவோ போட்டு வளைத்திருக்கவேண்டும் என்று மைஸ்டர் சொல்லி, துகளை ஒரு சின்னப் போத்தலில் போட்டு வைத்தார். நான் அதை நக்கிப் பார்த்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

வளைவைப் பிடிப்பதுதான் பாடுபட்ட வேலை. குழாயை அச்சில் வைத்து வளைத்துக் கையை எடுத்தால் அது கொஞ்சம் நிமிரும். எவ்வளவு நிமிரும் என்பது குழாய்க்குத்தான் தெரியும். ஆகவே அச்சின் வளைவு லாம்பின் வளைவைவிடக் கூடுதலாய் இருக்கவேண்டும். மைஸ்டர் மரத்தை இழைப்பார், நான் வளைப்பேன், அவர் அந்தத் தகட்டு மாதிரியோடு சேர்த்து யன்னலுக்குத் தூக்கிப் பார்ப்பார், வெளிச்சம் தெரியும். திரும்ப இழைப்பார். எத்தனை மரம் போனதென்று கணக்கு வைக்கவில்லை. ஒருநாள் வெளிச்சம் தெரியவில்லை. அவர் குழாயைத் தட்டில் வைத்தார். எனக்கு அந்த இரவு சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அந்த அச்சுத்தான் இன்றைக்குச் சுவரில் தொங்குவது.

முதல் தொகுதிக் குழாய் முழுக்க நான் வளைத்தேன். தட்டில் அவை ஒரே பக்கம் சாய்ந்து நின்றதைப் பார்த்தால் காற்றில் சாய்ந்த நெல் மாதிரி இருக்கும். லாம்புக்கடைக்காரர் விளம்பரத்துக்கு எழுதிய தாளை ஹெல்கா வாசித்துக் காட்டினாள். செடி வெளிச்சத்தைத் தேடித் திரும்புவது போன்ற வளைவு என்று எழுதியிருந்தது. எனக்குப் பெருமைதான். செடி என்றாலும் வளைத்தது நான்தானே.

மிசியே வருகிற டெர்மின், அதாவது குறித்த நாள், வந்தது. வீட்டு லாம்பையும் திரும்பக் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தோம். அவர் பொல்லு ஊன்றிக்கொண்டு வந்தார். மெலிந்த மனிதர். மேல்கோட்டைக் கழற்றினால் உள்ளே தொழிலாளிகள் போடுகிற நீலச் சட்டை. ஜெர்மன் பேசினார். போர்க்காலத்தில் வாலிப வயதில் பிடித்துக்கொண்டு வந்து ஒரு ஜெர்மன் தொழிற்சாலையில் வேலை செய்வித்தார்களாம், அங்கே காதில் விழுந்த ஜெர்மன். நானும் பட்டறையில் படித்ததுதான் என்றேன். "அப்ப எங்கள் ரெண்டு பேருக்கும் கெட்ட சொல் எல்லாம் நல்லாத் தெரியும்" என்றார்.

கதிரையில் இருந்து, ஒன்றும் தொடாமல், முதலில் கதைதான் சொன்னார். போர் முடிந்து ஊர் திரும்பினால் வீடில்லாத சனம். அரசாங்கம் அடுக்கடுக்காய்ச் சின்ன வீடுகள் கட்டியது. இரும்பு இல்லை, மரம் இல்லை, இருக்கிற கொஞ்சத்தில் கதிரையும் லாம்பும் வேண்டும். அவர் மாணவர் விடுதிகளுக்கும் ஒற்றை அறை வீடுகளுக்கும் செய்யத் தொடங்கினார். படிக்கவும் அதே லாம்பு, சாப்பிடவும் அதே லாம்பு. பிறகு சனம் பிளாஸ்டிக் கேட்டது, அவருடைய பட்டறை மூடிப்போனது. மிச்சக் காலம் முழுக்கத் தபால் கந்தோர்களுக்குச் சனம் இருக்கிற வாங்குகளும் மேசைகளும் வரைந்து கொடுத்துச் சீவித்தாராம். "இப்ப பணக்காரர் வாங்கினம்" என்றார். "அவையின்ர வீட்டில ஒவ்வொரு அறைக்கும் ஒரு லாம்பு இருக்கு. என்ர லாம்பு அங்க போய் என்ன செய்யப்போகுது எண்டு எனக்குத் தெரியேல்லை."

பிறகு எழும்பி மேசைக்கு வந்தார். தகட்டைத் தட்டிப் பார்த்தார், தலை அசைத்தார். மேலும் கீழும் அசைகிற மூட்டை அசைத்தார், தலை அசைத்தார். குழாயில் கை வைத்ததும் நின்றுவிட்டார்.

"இதை ஆர் வளைச்சது?"

"நான்" என்றேன் நிமிர்ந்து.

"ஏன்?"

மைஸ்டர் முன்னுக்கு வந்தார். "நீங்கள்தான் அப்பிடிச் செய்திருக்கிறீங்கள். இந்தா அசல்."

மிசியே எங்கள் வீட்டு லாம்பைக் கையில் எடுத்து நீண்டநேரம் பார்த்தார். "நான் என்ர வாழ்க்கையில ஒரு குழாய் வளைச்சதில்லை. வளைக்கக் குடுக்கக் காசில்லை. எல்லாரும் இப்ப என்னட்டைக் கேக்கினம், நேர்கோட்டில உங்களுக்கு ஏன் அவ்வளவு காதல் எண்டு. நேர்கோடு மலிவு."

மைஸ்டர் போத்தலைக் காட்டினார். குழாய்க்குள் இருந்த துகள், அந்தக் காலத்து வேலைமுறை என்றார். மிசியே விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். "உப்பு" என்றார்.

"கடலால வந்திருக்கும்" என்றார் மைஸ்டர். அவர் குரல் மாறியிருந்தது. "யாரோ ஒரு வாடிக்கையாளர் கேட்டு, உங்கட பட்டறையில வளைச்சுக் குடுத்திருக்கலாம். கனகாலம். மறந்திருப்பீங்கள்."

மிசியே கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். எண்பது தாண்டிய மனிதர். "இருக்கலாம்" என்றார். "எல்லாம் இப்ப ஞாபகத்தில நிக்கிறதில்லை. வடிவாத்தான் இருக்கு. இருக்கலாம்."

எனக்கு அந்த உப்பு மனதுக்குள் கரைய மாட்டேன் என்றது. கதவுக்குப் பக்கத்தில் இருந்த தொலைபேசியில் வீட்டுக்கு எடுத்தேன். இவர் அதிகாலை வேலை முடித்து வந்து படுத்திருந்தார்.

"இஞ்சேருங்கோ, சாமித்தட்டு லாம்பு நீங்கள் பூட்டேக்க எப்பிடி இருந்தது?"

"எப்பிடி எண்டா? நேராத்தான் இருந்தது. நான்தானே வளைச்சனான்."

"ஏன் வளைச்சனீங்கள்?"

"நல்ல கதை. வடக்குச் சுவரில பூட்டினால் தெற்குப் பாத்து எரியும், பிள்ளையோட வரேக்க அப்பிடி இருக்கக் கூடாதெண்டு ஆஸ்பத்திரியில படுத்துக்கொண்டு சொன்னது ஆர்?"

எனக்கு அது ஞாபகமே இல்லை. ஆனால் நான் சொல்லியிருப்பேன். "என்னத்தில வைச்சு வளைச்சனீங்கள்?"

"சோத்துப் பானையில. குழாய்க்குள்ள உப்பை நிரப்பிப்போட்டு. ஊரில சைக்கிள் கடையில நிக்கேக்க மண் போட்டுத்தான் வளைப்பம். இஞ்ச வெளியில முழுக்கப் பனி, மண்ணுக்கு நான் எங்க போறது?"

"இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை?"

"நீர் கேட்டனீரோ?"

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினேன். மைஸ்டர் தாளை மேசையில் விரித்திருந்தார். மிசியே பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஹெல்கா வயரைக் கையில் சுற்றியபடி நின்றாள். அவளுக்கு ஓய்வூதியம் எடுக்க இன்னும் வருடங்கள் இருந்தன. எனக்கும்தான்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் காரியம் முடிந்தது. குழாய் நேர் என்றால் அந்த லாம்புக்கு நான் தேவையில்லை, நேர்க்குழாயை யாரும் வெட்டலாம். அது எனக்கு அந்த நேரத்தில் நன்றாகத் தெரிந்தது. நேர்மையைப் பற்றி எல்லாம் நான் யோசித்தேன் என்று எழுதினால் பொய். எனக்கு வந்தது கோபம். என் மனுசன் பனிக்குள் உப்பை நிரப்பி, பானையில் வைத்து, பிள்ளையோடு வருகிற எனக்காக வளைத்த வளைவு. அது இன்னொருவர் பெயரில் கடையில் தொங்கப் போகிறது, செடி என்று வேறு சொல்லப் போகிறார்கள்.

"பொறுங்கோ" என்றேன். "அது உங்கட வளைவு இல்லை. அது என்ர மனுசன்ர வளைவு."

எல்லாவற்றையும் சொன்னேன். தெற்கையும் சொன்னேன், பானையையும் சொன்னேன். சொல்லி முடிய, மிசியே பேனாவை மூடினார்.

மைஸ்டர் தும்புத்தடியை எடுத்தார். மேசையைக் கூட்டத் தொடங்கினார். தூள் ஒன்றும் இல்லாத மேசை. மூலை, விளிம்பு, லாம்பின் அடி என்று கூட்டினார். கூட்டிக்கொண்டே இருந்தார்.

மிசியேதான் பேசினார், என்னைப் பார்த்து. "தெற்கை விட்டுத் திருப்பவேணும் எண்டுதான் வளைச்சவர், என்ன?"

"ஓம்."

"பக்கவாட்டில திரும்புற மூட்டு ஒண்டு நானும் வரைஞ்சனான். ரெண்டு மூட்டுக்குக் காசு காணாதெண்டு முதல் போட்டவர் வெட்டிப்போட்டார். ஒற்றை அறையில இருக்கிறவைக்குத்தான் லாம்பு திரும்பவேணும். எனக்குத் தெரியும், ஏலாமல் போச்சு." பிறகு சிரித்தார். "இவ்வளவு காலத்தில எனக்கு விளங்கின ஒரே வாடிக்கையாளர், அதைக் குப்பையில இருந்து எடுத்திருக்கிறார்."

"குப்பை இல்லை" என்றேன். "ஷ்பெர்முல்."

"மன்னிக்கவும். ஷ்பெர்முல்." மைஸ்டர் பக்கம் திரும்பினார். "இது வடிவு. ஆனா என்ர பேரில போறது நான் செய்ததாய் இருக்கவேணும். நேராய்ச் செய்யுங்கோ. கடைக்காரரோட நான் கதைக்கிறன், இன்னும் கொஞ்ச நாள் தவணை தருவினம். செய்து முடியுமட்டும் நான் இஞ்சதான் நிப்பன்."

மைஸ்டரின் தும்புத்தடி நின்றது.

"அந்தப் பானை இப்பவும் இருக்கோ?" என்று மிசியே கேட்டார்.

இருக்காமல் என்ன. அதில்தான் முதல்நாளும் சோறு வடித்தேன். அலுமினியப் பானை, ஒரு பக்கம் லேசாய் நெளிந்தது. அந்த நெளிவு எப்படி வந்தது என்று இவ்வளவு வருடமும் நான் பிள்ளைகளைத்தான் ஏசியிருக்கிறேன்.

திரும்ப வீட்டுக்கு எடுத்துச் சொன்னேன். இவர் ட்ராமில் வந்தார், பானையைக் கடைப்பையில் போட்டுக்கொண்டு. ஏதோ விசாரணைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து நல்ல சேட்டும் போட்டிருந்தார். மிசியே எழுந்து கை கொடுத்தார். இவர் பானையைக் கீழே வைத்துவிட்டுக் கை கொடுத்தார்.

"வளைச்சுக் காட்டுங்கோ" என்றார் மிசியே.

"உப்பு வேணுமோ?" என்று இவர் என்னைக் கேட்டார்.

"மணல் இருக்கு. வறுத்தது."

நான் புதுக்குழாய் ஒன்றில் மணலை நிரப்பித் தட்டி இறுக்கி, வாயை அடைத்துக் கொடுத்தேன். பானையை மேசையில் கவிழ்த்து, அந்தப் பக்கம் மிசியே இரண்டு கையாலும் பிடித்தார். இவர் குழாயைப் பானையின் வயிற்றில் வைத்து, கண்ணால் ஒரு தரம் அளவு பார்த்து, தோளைக் கொடுத்து மெதுவாக அழுத்தினார். ஓட்டல் சமையலறையில் பெருத்த தோள். ஒரே அழுத்து. கையை எடுத்தார். குழாய் கொஞ்சம் நிமிர்ந்து நின்றது.

நான் அச்சைப் பார்த்தேன், பானையைப் பார்த்தேன். மாதக்கணக்காய் மரம் மரமாய் இழைத்துப் பிடித்த வளைவு. ஒவ்வொரு நாளும் அதை நான் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வேலைக்கு வந்திருக்கிறேன்.

மைஸ்டர் தும்புத்தடியை வைத்துவிட்டு வந்தார். இவர் வளைத்த குழாயை எடுத்து, வீட்டு லாம்பின் குழாயோடு சேர்த்துப் பிடித்தார். யன்னலுக்கு நேரே தூக்கினார். ஒரு கண்ணை மூடினார். நாங்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். இரண்டுக்கும் இடையில் வெளிச்சம் தெரியவில்லை.

"பாஸ்ட்" என்றார்.

ஹெல்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

லாம்பு நேராகத்தான் போனது. வளைத்த குழாய் எல்லாம் பழைய பித்தளைக்காரனிடம் போயிற்று. பட்டறை தப்பியது. அந்த லாம்பில் என் கை படவே இல்லை, மற்ற லாம்புகளுக்குக் கடைசிவரை நான்தான் வளைத்தேன். எங்கள் லாம்பை நிமிர்த்தித் தரட்டுமா என்று மைஸ்டர் ஒருதரம் கேட்டார். வேண்டாம் என்றேன். மிசியே இவர் வளைத்த குழாயைத் தரச்சொல்லி வாங்கி, பொல்லோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ரயில் ஏறினார். அடுத்தநாள் காலையில் நான் வேலைக்கு வந்தபோது அச்சு சுவரில் தொங்கியது. மைஸ்டர்தான் ஆணி அடித்திருக்கவேண்டும்.

பெண்பிள்ளைகள் கேட்டதற்குப் பதில் இதுதான். எத்தனை வருடம் அந்த மனிதரிடம் வேலை செய்தேன், எத்தனை குழாய் வளைத்துக் கொடுத்தேன். எனக்கு ஒருநாளும் சொல்லாத சொல்லை அவர் என் சோற்றுப் பானைக்குச் சொன்னார். காய்ச்சலும் இல்லை அன்றைக்கு, நான் பார்த்தேன்.